டுயோவிலிருந்து பெரிய மேளம் வரை: இசைக்குழுப் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்நாடக வயலினில் ஆரம்பித்து, பிறகு மேற்கத்திய வயலினும் கற்றுக்கொண்டு, இப்போது இரண்டையும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பிள்ளைகளை வகுப்புக்குக் கூட்டி வரும் பெற்றோரும், கச்சேரி அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்யும் நண்பர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். ட்ரையோ என்றால் என்ன, குவார்ட்டெட் என்றால் என்ன, நம்மிடம் இப்படிப் பெயர்கள் உண்டா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒருவர் முதல் பத்துப் பேர் வரை என்னென்ன பெயர்?

ஒருவர் வாசித்தால் சோலோ. இருவர் என்றால் டுயோ, மூவர் ட்ரையோ, நால்வர் குவார்ட்டெட், ஐவர் குவின்டெட். ஆறு பேருக்கு செக்ஸ்டெட், ஏழு பேருக்கு செப்டெட், எட்டுப் பேருக்கு ஆக்டெட், ஒன்பது பேருக்கு நோனெட், பத்துப் பேருக்கு டெசெட். பத்தைத் தாண்டினால் எண்ணிப் பெயர் சொல்லும் வழக்கம் அநேகமாக நின்றுவிடும். அப்புறம் என்செம்பிள் என்ற பொதுப்பெயர்தான். பிரெஞ்சில் அதற்குச் 'சேர்ந்து' என்று பொருள்.

இந்தப் பெயர்கள் வாசிக்கும் ஆட்களை மட்டும் குறிப்பவை அல்ல. அவர்களுக்காக எழுதப்பட்ட படைப்புக்கும் அதே பெயர்தான். 'ஒரு குவார்ட்டெட் வந்திருக்கிறது' என்றால் நாலு பேர் வந்திருக்கிறார்கள். 'ஹெய்டனின் குவார்ட்டெட்' என்றால் அது அவர் எழுதிய இசை. எது என்பது இடத்தைப் பார்த்தால் புரிந்துவிடும்.

செப்டெட், ஆக்டெட், நோனெட் எல்லாம் குழம்புகிறதே, எப்படி நினைவில் வைப்பது?

காலண்டரைப் பாருங்கள். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய நான்கும் பழைய ரோமானியக் காலண்டரில் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது மாதங்கள். ஆண்டு மார்ச்சில் தொடங்கிய காலம் அது. அந்த லத்தீன் எண்கள்தான் செப்டெட், ஆக்டெட், நோனெட், டெசெட்டிலும் இருக்கின்றன. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் மறுபடி மறப்பதே இல்லை.

டுயோவும் டூயட்டும் ஒன்றா?

டுயோ என்பது ஜோடி. டூயட் என்பது அந்த ஜோடிக்கான பாட்டு. ஆனால் பேச்சில் இரண்டும் கலந்துதான் வரும், அதைப் பெரிய பிழை என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊரில் டூயட் என்றாலே சினிமாவில் நாயகனும் நாயகியும் பாடும் காதல் பாட்டு என்று ஆகிவிட்டது. மேற்கத்திய இசையில் அந்தச் சொல்லுக்குக் காதலோடு கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை. இரண்டு வயலின்களுக்கும் டூயட் உண்டு, குரு ஒரு வரி, சிஷ்யன் ஒரு வரி வாசிக்கும் பயிற்சிப் பாடத்துக்கும் டூயட் என்றுதான் பெயர்.

பியானோ ட்ரையோ என்றால் மூன்று பியானோவா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே கிடையாது, கேட்பதில் நியாயமும் இருக்கிறது. பியானோ ட்ரையோ என்றால் ஒரு பியானோ, ஒரு வயலின், ஒரு செல்லோ (வயலின் குடும்பத்தில் உட்கார்ந்து வாசிக்கும் பெரிய, கீழ்ஸ்தாயி வாத்தியம்). பியானோ குவார்ட்டெட் என்றால் அதோடு ஒரு வியோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரலும் சற்றுக் கீழே). பியானோ குவின்டெட் என்றால் வழக்கமாக ஒரு பியானோவும் முழு ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டும் (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ). ஷூமன் 1842ல் எழுதிய குவின்டெட் இந்த அமைப்புக்குப் பேர்போனது.

பெயரில் முன்னால் வரும் வாத்தியம், வழக்கமான தந்திக்குழுவில் வெளியிலிருந்து வந்து சேரும் விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளாரினெட் குவின்டெட் என்றால் ஒரு கிளாரினெட், நாலு தந்தி வாத்தியங்கள். மோட்சார்ட் 1789ல் எழுதியதும் பிராம்ஸ் 1891ல் எழுதியதும் அப்படித்தான்.

ஆனால் 'ஸ்ட்ரிங்' (தந்தி) என்றோ 'விண்ட்' (குழல்) என்றோ 'பிராஸ்' (பித்தளை) என்றோ ஒரு குடும்பப் பெயர் முன்னால் வந்தால் கணக்கு வேறு. அங்கே எல்லோரும் அந்தக் குடும்பத்துக்காரர்கள். ஸ்ட்ரிங் குவின்டெட்டில் ஐந்தும் தந்தி வாத்தியம்தான். ஐந்தாவது எது என்பது எழுதியவரின் விருப்பம். மோட்சார்ட் இன்னொரு வியோலாவைச் சேர்த்தார். ஷூபர்ட் தன் கடைசி வருஷமான 1828ல் இன்னொரு செல்லோவைச் சேர்த்தார். அந்த இரண்டாவது செல்லோவால் கீழ்ஸ்தாயியில் வரும் கனத்தை நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். ஒரு ஆள் கூடியதற்கு இவ்வளவு வித்தியாசமா என்று தோன்றும்.

விதிக்கு உட்படாதவையும் உண்டு. விண்ட் குவின்டெட்டில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன் ஆகியவற்றோடு ஹார்ன் இருக்கும். ஹார்ன் பித்தளைக் குடும்பம். ஆனாலும் மற்ற நாலோடு அதன் குரல் இழைந்து போவதால் அங்கேயே நிலைத்துவிட்டது. ஷூபர்ட்டின் 'டிரவுட்' குவின்டெட்டில் இரண்டாவது வயலினே கிடையாது, அந்த இடத்தில் வயலின் குடும்பத்திலேயே பெரியதான டபுள் பேஸ் வந்து உட்கார்ந்திருக்கும்.

எல்லா அளவிலும் குவார்ட்டெட் மட்டும் ஏன் இத்தனை பிரபலம்?

ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. மேலிருந்து கீழ்வரை குரலின் நாலு தளங்களும் அதில் அடங்கிவிடுகின்றன. ஒன்று குறைந்தால் இடைவெளி தெரிகிறது, ஒன்று கூடினால் யாரோ ஒருவர் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டிவருகிறது. இது என் கருத்து மட்டுமல்ல, இத்தனை பேர் இத்தனை காலமாக இதற்கே எழுதி வந்ததற்கு அதுதான் காரணம்.

ஆனால் இதன் ஆரம்பம் திட்டம் போட்டு நடந்ததில்லை. 1750களில் ஆஸ்திரியாவில் ஒரு பிரபு தன் கிராமத்து மாளிகைக்கு இளைஞர் ஜோசப் ஹெய்டனைக் கூப்பிட்டார். அங்கே வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று இருந்தவர்கள் ஊர்ப் பங்குத் தந்தை, பண்ணையைப் பார்த்துக்கொண்ட மேலாளர், ஒரு செல்லோக்காரர். ஹெய்டனையும் சேர்த்து நாலு பேர். இருக்கிற நாலு பேருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார் பிரபு. எழுதினார். வயதான பிறகு தன் வாழ்க்கையை எழுதியவரிடம் ஹெய்டனே சொன்ன கதை இது. அவர் பிறகு வாழ்நாள் முழுக்க எழுதியவை 68 குவார்ட்டெட்கள். மோட்சார்ட் 23, பீத்தோவன் 16, இருபதாம் நூற்றாண்டில் ஷோஸ்டகோவிச் 15.

வாய்ப்புக் கிடைத்தால் ஒரு குவார்ட்டெட்டை முன் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். நடத்துனர் கிடையாது, தாளம் போடுபவர் கிடையாது. நான் முதன்முறை அப்படிப் பார்த்தபோது ஆரம்பிக்கும் இடம்தான் மனதில் நின்றது. நாலு வில்லும் தந்திக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கின்றன. முதல் வயலின்காரர் மூக்கால் சட்டென்று ஒரு மூச்சு இழுத்தார், எனக்கே கேட்டது. அந்த மூச்சின் வேகம்தான் பாட்டின் வேகம். நாலு வில்லும் ஒன்றாக இறங்கின. நம் வித்வான்கள் கண்ணால் சொல்வதை அவர்கள் மூச்சால் சொல்கிறார்கள்.

ஐந்து பேருக்கு மேல் யாராவது எழுதியிருக்கிறார்களா?

தாராளமாக. பிராம்ஸ் இரண்டு செக்ஸ்டெட் எழுதினார். பீத்தோவனின் செப்டெட் 1800ல் வியன்னாவில் முதல் சிம்பொனியோடு ஒரே கச்சேரியில் வாசிக்கப்பட்டது. அது அவ்வளவு பிரபலமானதில் அவருக்கே சலிப்பு வந்துவிட்டது. மெண்டல்சன் தன் ஆக்டெட்டை எழுதியது 1825ல், 16 வயதில். இரண்டு குவார்ட்டெட்களை எதிரெதிரே உட்கார வைத்ததுபோல் நாலு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ. எட்டுப் பேரும் ஒரு ஆர்கெஸ்ட்ராவைப்போல வாசிக்க வேண்டும் என்று தாளிலேயே குறித்து வைத்தார் அந்தப் பையன். ஷ்போரின் நோனெட் 1813. ஜாஸில் மைல்ஸ் டேவிஸ் 1949, 1950ல் ஒன்பது பேரை வைத்துப் பதிவு செய்ததும் நோனெட்தான்.

ட்ரையோ சொனாட்டா என்று போட்டிருக்கிறது, மேடையில் நாலு பேர் இருக்கிறார்களே?

அழைப்பிதழில் பிழை இல்லை. 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எழுதப்பட்ட ட்ரையோ சொனாட்டாவில் மூன்று என்பது ஆட்களின் எண்ணிக்கை அல்ல, இசை வரிகளின் எண்ணிக்கை. மேலே இரண்டு வரி, கீழே ஒரு ஆதார வரி. அந்த ஆதார வரியைச் செல்லோவும், பியானோவுக்கு முந்தைய கீபோர்டு வாத்தியமான ஹார்ப்சிகார்டும் சேர்ந்து வாசிப்பார்கள். ஆக மூன்று வரி, நாலு பேர். பாக் எழுதிய ஆறு ஆர்கன் ட்ரையோ சொனாட்டாக்களில் இதே மூன்று வரிகளை ஒரே ஆள் வாசிக்க வேண்டும். வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று, கீழே உள்ள கட்டைகளை மிதிக்கும் கால்களுக்கு ஒன்று.

ஆர்கெஸ்ட்ரா என்று சொல்ல எத்தனை பேர் வேண்டும்?

எண்ணிக்கையைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. குவார்ட்டெட் முதல் நோனெட் வரை ஒரு வரிக்கு ஒரு ஆள். நீங்கள் நிறுத்தினால் அந்த வரியே நின்றுபோகும். ஆர்கெஸ்ட்ராவில் ஒரே வரியைப் பத்து, பதினைந்து பேர் வாசிப்பார்கள். பெரிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் 16, இரண்டாவது வயலின் 14, வியோலா 12, செல்லோ 10, டபுள் பேஸ் 8 என்று தந்தி வாத்தியம் மட்டுமே 60 பேர் இருப்பது வழக்கம். ஊதுபவர்களும் தட்டுபவர்களும் சேர்ந்தால் தொண்ணூறு, நூறு ஆகும். சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்றால் நாற்பது பேர் அளவில், அதற்குக் குறைவாகவும் இருக்கும்.

எல்லை என்று எதுவும் இல்லை. மாலரின் எட்டாவது சிம்பொனி 1910 செப்டம்பரில் மியூனிக்கில் அரங்கேறியபோது பாடகர்களையும் சேர்த்து மேடையில் ஆயிரம் பேருக்கு மேல்.

பில்ஹார்மோனிக், சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றும் கேட்பார்கள். அளவில் ஒன்றும் இல்லை. ஒரே நகரத்தில் இரண்டு குழு இருந்தால் வேறுபடுத்திச் சொல்ல உதவும், அவ்வளவுதான்.

அப்படியானால் சிம்பொனி என்பது குழுவின் பெயரா?

இல்லை, படைப்பின் பெயர். பெரும்பாலும் நாலு பகுதிகளாக, ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதப்படும் நீண்ட இசை. இளையராஜா எழுதியது சிம்பொனி. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அதை வாசித்த ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா குழு. அந்த வாரம் முழுக்க இந்த ஒரு விளக்கத்தைத்தான் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன், சந்தோஷமாக.

நம் ஊர்த் திருவிழாவில் 'ஆர்கெஸ்ட்ரா' என்கிறோமே, அது தவறா?

தவறே இல்லை. மொழியில் ஒரு சொல் வந்து குடியேறினால் அதற்குப் புது வேலை கிடைக்கும். தமிழ்நாட்டில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ், தபேலா வைத்துக்கொண்டு மேடையில் சினிமாப் பாட்டுப் பாடும் மெல்லிசைக் குழு. 'கோயில் கொடைக்கு ஆர்கெஸ்ட்ரா வச்சிருக்காங்க' என்றால் யாரும் நூறு பேரை எதிர்பார்க்க மாட்டார்கள். சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப்போனால், கிரேக்க அரங்கில் மேடைக்கு முன்னால் கூட்டமாக ஆடிப் பாடிய இடத்துக்குத்தான் முதலில் ஆர்கெஸ்ட்ரா என்று பெயர். அப்படிப் பார்த்தால் ஐரோப்பியர்களும் அதை இடமாற்றித்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஜாஸ், ராக் குழுக்களுக்கும் இதே பெயர்கள்தானா?

பெயர் அதே, உள்ளே இருப்பது வேறு. ஜாஸ் ட்ரையோ என்றால் பெரும்பாலும் பியானோ, பேஸ், டிரம்ஸ். ராக் இசையில் மூவர் என்றால் கிட்டார், பேஸ், டிரம்ஸ். ஜாஸ் பிக் பேண்ட் வழக்கமாக 17 பேர்: சாக்ஸபோன் 5, டிரம்பெட் 4, டிராம்போன் 4, தாளப் பக்கம் 4.

சரி, நம்மிடம் இப்படி எண்ணிக்கையை வைத்துப் பெயர் இல்லையா?

இதைத்தான் நான் எதிர்பார்த்துக் காத்திருப்பேன். நம் குழுப் பெயர்கள் தலையை எண்ணுவதில்லை. யார் முன்னே போகிறார், யார் தொடர்கிறார், எந்த இடத்துக்கான இசை என்பதைச் சொல்கின்றன.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆட வரும்போது வாத்தியங்கள் சேரும் விதம் வருகிறது. 'குழல்வழி நின்றது யாழே' என்று தொடங்கும். குழலின் வழியே யாழ் நின்றது, யாழின் வழியே தண்ணுமை, தண்ணுமையின் பின்னால் முழவு, முழவோடு கூடி ஆமந்திரிகை. எத்தனை பேர் என்று அங்கே கணக்கில்லை. ஒருவர் இன்னொருவரின் வழியில் எப்படி நின்றார் என்பதுதான் சொல்லப்படுகிறது. ஒரு குழு எப்படி இயங்கும் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான விளக்கத்தை நான் எந்த மொழியிலும் படித்ததில்லை.

இன்றைய சொற்களைப் பாருங்கள். பக்கவாத்தியம், உபபக்கவாத்தியம், பின்பாட்டு, ஒத்து. எல்லாமே இடமும் உறவும்தான். வில்லுப்பாட்டில் வில்லை அடித்துக் கதை சொல்பவருக்கு ஒரு பக்கம் வலத்தே பாடுபவர், இன்னொரு பக்கம் இடத்தே பாடுபவர் என்று உட்காரும் திசையே பெயராகிவிட்டது.

பெரிய மேளம், சின்ன மேளம் என்பது அளவைக் குறிக்கவில்லையா?

கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஆட்களை எண்ணி வைத்த பெயர்கள் இல்லை அவை. நாகஸ்வரம், தவில், தாளம், ஒத்து சேர்ந்த கோயில் மேளம் பெரிய மேளம். சதிர் ஆட்டத்துக்கு (இன்றைய பரதநாட்டியத்தின் முன்னோடி) நட்டுவனாரோடு சேர்ந்து வாசித்த குழு சின்ன மேளம். கரகாட்டத்துக்கு நாகஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு என்று வருவது நையாண்டி மேளம். முதலாவது சுவாமி புறப்பாட்டுக்கு, இரண்டாவது ஆட்டத்துக்கு, மூன்றாவது தெருவில் கூடும் ஜனத்துக்கு. கெட்டி மேளம் என்பதோ தனிக்குழுவே அல்ல. தாலி கட்டும் நேரத்தில் பெரியவர் ஒருவர் விரலை உயர்த்தி ஆட்டியதும், இருக்கிற அத்தனை பேரும் ஓங்கி வாசிக்கும் முறை அது.

'ஒத்து ஊதுவது' என்கிறோமே, அந்த ஒத்து இதுதானா?

இதேதான். நாகஸ்வரம் போலவே இருக்கும், ஆனால் ராகம் வாசிப்பதற்கான துளைகள் கிடையாது. கீழ்ப்பகுதியில் உள்ள துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். அதற்குப் பிறகு ஒரே ஸ்வரம்தான், கச்சேரி முடியும்வரை.

சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயிலில் ஒத்து ஊதிய ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அவர் ஒத்துக்காரர்தான், பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். கன்னத்தில் சேர்த்த காற்றைச் சீவாளிக்குள் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) தள்ளிக்கொண்டே மூக்கால் புது மூச்சு இழுப்பார், சத்தம் அறுபடாது. ஒருநாள் நாயனக்காரர் தோடி ஆலாபனையில் இருந்தபோது இவருக்குப் புரையேறி ஒத்து நின்றுவிட்டது. நாயனக்காரர் வாயிலிருந்து உடனே சீவாளியை எடுத்துவிட்டார். தவில்காரர் திரும்பிப் பார்த்தார். ஒத்துக்காரர் தண்ணீர் குடித்து, வேட்டி நுனியால் வாயைத் துடைத்து, மறுபடி ஊத ஆரம்பித்த பிறகுதான் தோடி மேலே போனது. அந்த அரை நிமிஷத்தில் யார் யாரைத் தாங்கிக்கொண்டிருந்தார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஒத்து ஊதுவது, ஜால்ரா போடுவது, பின்பாட்டுப் பாடுவது எல்லாம் பேச்சில் வசவாகிவிட்டன. சுயமாக ஒன்றும் சொல்லாமல் அடுத்தவருக்கு ஆமாம் போடுகிறவர் என்று அர்த்தம். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படும். ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அடிமை வேலை அல்ல. இப்போது அந்த இடத்தைச் சுருதிப் பெட்டி எடுத்துக்கொண்டது. வாத்தியம் அநேகமாகப் போய்விட்டது, வசவு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஃபுல் பெஞ்ச் கச்சேரி என்றால்?

கோர்ட்டிலிருந்து வந்த சொல். நீதிபதிகள் பலர் சேர்ந்து உட்காருவதுபோல, வயலின், மிருதங்கத்தோடு கடம், கஞ்சிரா, மோர்சிங் என்று பக்கவாத்தியம் மொத்தமும் மேடையில் இருப்பது ஃபுல் பெஞ்ச். சில சமயம் வாயால் ஜதி சொல்லும் கொன்னக்கோலும் சேரும். வழக்கமான கச்சேரிக்குப் பாட்டு, வயலின், மிருதங்கம் போதும். அந்த மூவரை யாரும் ட்ரையோ என்று சொல்வதில்லை, சொன்னாலும் பொருந்தாது. பாடுபவர் பெயரில்தான் கச்சேரி. ஆனால் தனி ஆவர்த்தனம் வரும்போது பாடுபவர் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மிருதங்கம் பேசும்.

பக்கம் என்று யாருமே இல்லாமல் மூன்று வாத்தியங்களும் சமமாக வாசித்ததும் உண்டு. 1966ல் லால்குடி ஜெயராமன் வயலின், என். ரமணி புல்லாங்குழல், ஆர். வெங்கட்ராமன் வீணை என்று சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். அதற்கும் 'வயலின், வேணு, வீணை' என்று வாத்தியங்களை வரிசையாகச் சொல்லித்தான் பெயர் வந்தது. மூன்று என்ற எண் பெயரில் இல்லை.

சகோதரர்கள், சகோதரிகள் என்ற ஜோடிப் பெயர்கள்?

அதுவும் உறவை வைத்து வந்த பெயர்தான். அந்த உறவு ரத்த உறவாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆலத்தூர் சகோதரர்கள் என்று பேர் வாங்கிய ஸ்ரீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் உடன்பிறந்தவர்கள் அல்ல. ஒரே குருவிடம், சிவசுப்பிரமணிய ஐயரின் தகப்பனாரிடம், சேர்ந்து கற்றவர்கள். சேர்ந்து பாடிப் பாடி ஜனங்கள் மனதில் சகோதரர்களாகவே ஆகிவிட்டார்கள். டுயோ என்று சொன்னால் இதில் பாதி காணாமல் போய்விடும்.

பஞ்சவாத்தியம் என்பதில் ஐந்து என்ற எண் இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் அது ஆட்களின் எண்ணிக்கை இல்லை. கேரளப் பஞ்சவாத்தியத்தில் திமிலை, மத்தளம், இடக்கா, இலத்தாளம், கொம்பு என்று ஐந்து வகை வாத்தியங்கள். திருச்சூர்ப் பூரத்தில் அந்த ஐந்து வகையையும் வாசிக்க வரிசையாக நிற்பவர்கள் பல பத்துப் பேர். ஆரம்பத்தில் ஊதும் சங்கு அந்த ஐந்தில் சேராது. திருவாரூர் தியாகராஜர் கோயிலில் உள்ள பஞ்சமுக வாத்தியத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஐந்து முகம் கொண்ட ஒரே ஒரு வாத்தியம், ஒரே ஆள் வாசிப்பது.

கல்யாணத்துக்கு மேளம் சொல்லும்போது எப்படிச் சொல்ல வேண்டும்?

'ஒரு செட் மேளம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். என் தங்கை கல்யாணத்தில் நான் அப்படித்தான் சொன்னேன். நான் நினைத்தது இரண்டு நாயனம், இரண்டு தவில். வந்தது ஒரு நாயனம், ஒரு தவில். அவர்கள் கணக்கில் அதுவும் ஒரு செட்தான், பிழை என்னுடையது. 'என்னடா, ஒத்தை நாயனமாச் சொல்லிட்டியே' என்று அத்தை இன்னமும் சொல்லிக்காட்டுவார்.

எத்தனை நாயனம், எத்தனை தவில், தாளத்துக்குத் தனி ஆள் உண்டா என்று மூன்றையும் தனித்தனியாகப் பேசிவிடுங்கள். முதல்நாள் மாப்பிள்ளை அழைப்பில் நல்ல தவில் கேட்க ஆசை என்றால் 'ஸ்பெஷல் தவில்' வேண்டும் என்று சொல்லுங்கள். குழுவின் வழக்கமான ஆளோடு, பேர் வாங்கிய வித்வான் ஒருவரைத் தனியாக வரவழைப்பது அது. சம்பளம் அதற்குத் தகுந்தபடி இருக்கும். சாப்பாட்டு நேரத்தையும் அவர்களிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். காலை நாலு மணிக்கு வந்தவர்களைப் பதினோரு மணிவரை பட்டினி போடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அது நியாயமில்லை.

ட்ரையோ, குவார்ட்டெட் போன்றவற்றைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

ஆட்களை எண்ண நம்மிடம் தனி வரிசையே இருக்கிறது: ஒருவர், இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர், எழுவர், எண்மர், ஒன்பதின்மர், பதின்மர். லத்தீன் வரிசைக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆக்டெட்டுக்கு எண்மர் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

ஒரே சிக்கல், இவற்றில் சிலவற்றுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் உண்டு. ஐவர் என்றால் பாண்டவர். மூவர் என்றால் தேவார மூவர். நால்வர் என்றால் அவர்களோடு மாணிக்கவாசகர். அதனால் வாத்தியத்தையும் சேர்த்து 'நால்வர் தந்தியிசை', 'மூவர் குழலிசை' என்று சொல்வதே நல்லது என்பது என் எண்ணம்.

என் மாணவர்கள் நாலு பேர் ஹெய்டன் வாசித்த நிகழ்ச்சிக்கு அழைப்பிதழில் அப்படித்தான் போட்டோம். நால்வர் என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டுத் தேவாரம் கேட்கலாம் என்று ஒரு பெரியவர் வந்திருந்தார். முன் வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். முடிந்ததும் என்னிடம் வந்து, 'நல்லா இருந்தது தம்பி, இதுல ஒத்து யாரு?' என்றார். நாலு பேரும் மாறி மாறிப் பிடிப்பார்கள் ஐயா, அதிகமாகப் பிடிப்பது அந்தப் பெண் என்று செல்லோவை உறையில் போட்டுக்கொண்டிருந்தவளைக் காட்டினேன். அவர் நேராக அவளிடம் போய்விட்டார்.